கத்தி படும் முன்பே கேட்டுப் பாருங்கள்: எலும்புவழிக் கேட்கும் கருவி பொருத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு

இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் சத்தம் மங்கிப்போகும். முறுக்கு நொறுங்கும் சத்தம் மட்டும் முன்பைவிடப் பெரிதாகக் கேட்கும். பல், தாடை, மண்டையோடு என்று எலும்பு வழியாகவே அது உள்காதுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் கருவி முழுக்க அந்த ஒரு வழியை நம்பித்தான் வேலை செய்கிறது.

நான் கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்து நோயை எடுக்கும் மாஸ்டாய்டு ஆபரேஷன் வலது காதில் இரண்டு முறை நடந்தது. பாதியைக் காதால் கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். 2020இல் எல்லோரும் மாஸ்க் போட்டதும் உதடு மறைந்துவிட்டது. எனக்கு எவ்வளவு கேட்காது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெரியவர் கேட்ட மாத்திரையின் பெயரை மூன்று தடவை தவறாகப் புரிந்துகொண்டேன். மருந்துக்கடையில் அது சின்னத் தவறு கிடையாது. அடுத்த வருஷம், அந்தக் கருவியை மாட்டுவதற்காக வலது காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியம் திருகு வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் அலைந்து தெரிந்துகொண்டதை, இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நேற்றோ போன வாரமோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே ஈ.என்.டி டாக்டரிடம் போங்கள். அது அவசர சிகிச்சை. முதல் சில நாட்களுக்குள், தாமதித்தாலும் இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு கொடுத்தால் சிலருக்குக் கேட்கும் திறன் திரும்புகிறது. நாள் தள்ளிப்போனால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

யாருக்கு இது உதவும்

காதை மூன்று பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காது சத்தத்தை உள்ளே கொண்டுபோகிறது. நடுக்காதில் சவ்வும் மூன்று குட்டி எலும்புகளும் அதை அதிர்வாக்கித் தள்ளுகின்றன. உள்காதில் இருக்கும் காக்ளியா அந்த அதிர்வை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கிறது. முதல் இரண்டு பகுதி கெட்டு, காக்ளியா நன்றாக இருந்தால், மண்டையோட்டை அதிரவைத்து நேராகக் காக்ளியாவுக்குச் சத்தத்தைக் கொடுத்துவிடலாம்.

பல வருஷமாகச் சீழ் வடிந்து சவ்வும் எலும்பும் அரித்துப்போனவர்கள், மாஸ்டாய்டு ஆபரேஷனுக்குப் பிறகு காதுக்குள் பெரிய குழி உள்ளவர்கள், பிறவியிலேயே காதுத் துளை இல்லாதவர்கள் எல்லாம் இந்த வகை. துளையே இல்லாதவருக்கு சாதாரண காது மெஷினை எங்கே வைப்பது? சீழ் வடியும் காதுக்கு வேறொரு தொல்லை இருக்கிறது. மெஷினில் காதுக்குள் செருகும் பாகமான மோல்டு துளையை அடைத்துவிடும். உள்ளே காற்று போகாது, ஈரம் காயாது, சீழ் இன்னும் அதிகமாகும். எனக்கு முதலில் மெஷின் விற்ற கடையில் காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாதத்தில் பாதி நாள் மெஷின் டப்பாவிலும் பஞ்சு காதிலும்தான் இருந்தன.

இன்னொரு வகை, ஒரு காது முழுக்கப் போய் மறு காது நன்றாக இருப்பவர்கள். திடீர்ச் செவிடு, பொன்னுக்கு வீங்கி, காது நரம்புக் கட்டி ஆபரேஷன் இவற்றால் இப்படி ஆகும். கேட்காத பக்கத்தில் வைத்த கருவி, அந்தப் பக்கத்துச் சத்தத்தை மண்டையோட்டின் வழியாக நல்ல காதின் காக்ளியாவுக்கு அனுப்பும். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ அமைப்பு இந்தக் கருவியை நடுக்காதுக் கோளாறுக்கு 1996இலும், ஒரு பக்கச் செவிட்டுக்கு 2002இலும் அனுமதித்தது.

வயதானதால் இரண்டு காக்ளியாவும் தளர்ந்து காது மந்தமானவர்களுக்கு இது தேவையே இல்லை. நல்ல சாதாரண மெஷின் போதும். தாத்தா பாட்டிக்காகத் தேடி வந்திருந்தால் பெரும்பாலும் நீங்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் மெஷினைப் பற்றிக் கேட்கலாம்.

ஆடியோகிராம் தாளை நீங்களே படியுங்கள்

முதல் வேலை ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து தாளில் கோடாகப் போட்டுக் கொடுக்கும் டெஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதை எடுக்கலாம். தனியாரிடம் எடுத்தால், எடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. மைசூருவில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசு நிறுவனமும் இந்தத் துறைக்கு நல்ல இடங்கள்.

தாளில் இரண்டு கோடு இருக்கும். ஹெட்ஃபோன் போட்டு எடுத்தது காற்றுவழிக் கோடு. வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன அதிர்வுக் கட்டையை வைத்து எடுத்தது எலும்புவழிக் கோடு. அது அம்புமுனை மாதிரியோ பகரக் குறி மாதிரியோ இருக்கும். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு.

உங்கள் கண் போக வேண்டியது எலும்புக் கோட்டுக்குத்தான். என் தாளில் வலது காதின் காற்றுக் கோடு 65 டெசிபெல் பக்கம், எலும்புக் கோடு 20 பக்கம். நடுவில் 45 டெசிபெல் இடைவெளி. வெளியிலும் நடுவிலும்தான் கோளாறு, காக்ளியா நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எலும்புக் கோட்டின் சராசரி 45 டெசிபெல்லுக்குள் இருந்தால் சாதாரண சக்தியுள்ள கருவியே போதும். 55 வரை போனால் பவர் வகைகள் உண்டு. உடம்போடு பொருத்திய திருகில் மாட்டும் மிகப் பலமான மாடல்கள் 65 வரைகூட வரும். கோடு 65-ஐயும் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் எலும்புவழி உதவாது. அப்போது காக்ளியாவுக்குள் மின்கம்பி வைத்து நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு பக்கச் செவிடு என்றால் கணக்கு வேறு: நல்ல காதின் காற்றுக் கோடு 20 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும்.

எலும்புக் கோடு எடுக்கும்போது மறு காதில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் கொடுத்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதை மாஸ்கிங் என்பார்கள். மண்டையோட்டில் எங்கே அதிர்வு கொடுத்தாலும் அது சற்றே குறைந்து இரண்டு காக்ளியாவுக்கும் போகும். மாஸ்கிங் இல்லாமல் எடுத்தால், செத்துப்போன காது நன்றாக வேலை செய்வதுபோலத் தாளில் வரும். உண்மையில் கேட்டது மறு காதாக இருக்கும். இரைச்சல் கொடுக்கவில்லை என்றால் டெஸ்ட்டைத் திரும்ப எடுங்கள். இந்த ஒரு தாளை வைத்துத்தான் எல்லா முடிவும் எடுக்கப்போகிறோம்.

மருந்துக்கடைக்காரனாக இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த எலும்புக் கோடுதான் உங்கள் மூலதனம். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சவ்வில் ஓட்டை இருக்கும்போது கடையில் நேராகக் கேட்டு வாங்கும் காதுச் சொட்டு மருந்துகளில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை இருந்தால் அவை உள்காதைப் பாதிக்கக்கூடும். சீட்டு இல்லாமல் காதுச் சொட்டு கேட்டால் நான் கொடுப்பதில்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

முதலில் நோயைக் கேளுங்கள்

எலும்புவழிக் கருவி கேட்கவைக்கும், நோயைக் குணமாக்காது. காதுக்குள் கொலஸ்டியேட்டோமா என்ற தோல் கட்டி இருந்தால் அது எலும்பை அரித்துக்கொண்டே மூளை வரை போகக்கூடியது. அதை எடுத்து, காது பாதுகாப்பான நிலைக்கு வந்த பிறகுதான் மற்ற பேச்சு. சவ்வை ஒட்டவைத்தாலே கேட்டுவிடுமா, நடுக்காதின் கடைசிக் குட்டி எலும்பான ஸ்டேபிஸ் இறுகியிருந்தால் அதற்கான ஆபரேஷன் போதுமா, இதையும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ‘இதைவிடச் சின்ன வழி ஏதாவது மிச்சம் இருக்கிறதா, டாக்டர்?’ என்று கேட்டேன். என் காதில் மிச்சம் எதுவும் இல்லை என்று அவர் படம் போட்டுக் காட்டினார். அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தலையில் பேண்ட் போட்டுக் கேட்பது

நான் முதலில் போன ஒரு மருத்துவமனையில் ஆடியோகிராம் பார்த்த அன்றே ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள். கேட்டுப் பார்க்காமலா என்றதற்கு, ‘நல்லா கேட்கும் சார், பயப்படாதீங்க’ என்றார்கள். பயம் எனக்கு ஆபரேஷனைப் பற்றி இல்லை. லட்சக்கணக்கில் செலவழித்து, தலையில் ஓட்டை போட்டு, அது என் காதுக்குப் பிடிக்காமல் போனால்? தேதியைத் தள்ளிவைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போனேன்.

காக்ளியர் இம்ப்ளாண்ட்டில் பலன் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வழியில்லை. இதில் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் இருந்த ஆடியாலஜிஸ்ட் மேடம், முதலில் ஒரு சின்னக் குச்சியின் முனையில் கருவியை மாட்டி, ‘சார், இதைப் பல்லால கடிச்சுப் பிடிங்க, ரெண்டு காதையும் அடைச்சுக்கோங்க’ என்றார். பேசியது அவர்தான், ஆனால் குரல் என் தலையின் நடுவிலிருந்து வந்தது. தோல் தடுக்காமல் நேராக எலும்புக்குப் போவதால், திருகு வைத்த பிறகு கேட்கப்போவதற்கு இதுதான் கிட்டத்தட்ட நிகர்.

அப்புறம் சாஃப்ட்பேண்ட். துணிப் பட்டையில் கருவியை மாட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் அழுந்தும்படி தலையில் போட்டுக்கொள்வது. அறைக்குள் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். டெபாசிட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். இரண்டு வாரமாவது வேண்டும்.

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் என்னவோ பொரிகிற மாதிரி கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் என் மனைவி தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கும் சத்தம் கூடம் வரை வரும் என்பது எனக்குத் தெரியாது. வாசனைதான் எனக்கு எப்போதும் முதலில் வரும்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு உதவியது ஒரு பாக்கெட் நோட்டு. கடையில் எத்தனை பேரிடம் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்டேன், போனில் பேச முடிந்ததா, பஸ்ஸில் என்ன ஆயிற்று, கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே பேச்சு புரிந்ததா, தலை வலித்ததா என்று தினமும் நாலு வரி. பிடிக்காததையும் எழுதுங்கள். என் சொந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. காகிதம் சரசரப்பது எரிச்சலாக இருந்தது. இரண்டும் நாலைந்து நாளில் பழகிப்போயின.

பேண்டில் ஒரு குறை உண்டு. தோலும் முடியும் நடுவில் இருப்பதால் கீச்சென்ற உயர் சத்தங்கள் 10, 15 டெசிபெல் வரை குறைந்துவிடும். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகள் கொஞ்சம் மழுங்கித்தான் கேட்கும். தோலைத் தாண்டிய கருவியில் அது தெளிவாகும். பேண்டிலேயே வாழ்க்கை மாறியது என்றால் தைரியமாகப் போகலாம். பேண்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் நில்லுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள்.

ஒரு பக்கச் செவிடு உள்ளவர்கள் இந்தச் சோதனையை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். கேட்காத பக்கம் உட்கார்ந்து ஒருவர் பேசினால் இனி புரியும். அது பெரிய லாபம். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது அப்போதும் தெரியாது. வேலை செய்வது ஒரே காக்ளியாதானே. கேட்காத பக்கம் இரைச்சல் இருந்தால் அந்த இரைச்சலும் நல்ல காதுக்கு வந்து சேரும். கேட்காத பக்கத்துச் சத்தத்தை மைக்கில் வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் என்ற வகை மெஷினில் ஆபரேஷன் இல்லாமலே கிட்டத்தட்ட இதே பலன் கிடைக்கும். அதையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த வகையினர் பலர் சோதனைக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

எந்த வகை

இதன் கதை சுவீடனில் தொடங்குகிறது. 1950களில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் குழலை எடுக்கப் பார்த்தபோது, எலும்பு அதோடு ஒட்டிப்போயிருந்தது. அதை வைத்து 1965இல் மனிதருக்குப் பல் திருகு பொருத்தினார். அதே டைட்டானியத்தைக் காதுக்குப் பின்னால் வைத்து, அதில் கேட்கும் கருவியை மாட்டியவர் கோத்தென்பர்க் நகரின் ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம், வருஷம் 1977. பல் டாக்டர் வைக்கும் இம்ப்ளாண்ட்டும் என் தலையில் இருப்பதும் ஒரே குடும்பம்.

ஆபரேஷனே வேண்டாம் என்றால் பேண்டிலேயே தொடரலாம். எலும்புக் கோடு 25 டெசிபெல்லுக்குள் இருந்தால் அட்ஹியர் என்ற, தோலில் ஒட்டிக்கொள்ளும் கருவியும் உண்டு. நம் ஊர் வியர்வையில் ஒட்டு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் வகைகளில் பழையது, திருகின் தலை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அந்தத் தலையை அபட்மென்ட் என்பார்கள். அதில் ப்ராசஸரை, அதாவது சத்தத்தை மைக்கில் வாங்கும் வெளிக் கருவியை, ‘டிக்’ என்று மாட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனத்தின் பாஹா கனெக்ட், ஓட்டிகான் மெடிக்கல் தயாரிக்கும் போன்டோ இரண்டும் இந்த வகை. அதிர்வு நேராக எலும்புக்குப் போவதால் சக்தி வீணாவதில்லை. பதிலுக்கு, தோலில் ஒரு நிரந்தரத் துளை இருக்கும்; அதைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். தோலுக்கு அடியில் வெறும் காந்தத்தை வைத்து, வெளியே அதிரும் கருவியை ஒட்டவைக்கும் வகையும் இருக்கிறது. அதில் தோல் மறுபடி தடையாகிறது, காந்தம் அழுத்தி வலிக்கவும் செய்யும். எனக்கு அது தேவையற்றதாகப் பட்டது.

புதிய வகையில் அதிரும் பாகமே தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே தோல் மூடியிருக்கும். வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ப்ராசஸர் மட்டும். ஆஸ்திரியாவின் மெட்-எல் நிறுவனத்தின் போன்பிரிட்ஜ், காக்ளியரின் ஓசியா, ஓட்டிகான் மெடிக்கலின் சென்டியோ ஆகியவை இதில் சேரும். துளை இல்லை, தினசரி சுத்தம் இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆபரேஷன் மட்டும் சற்றுப் பெரிது. எலும்பில் பள்ளம் தோண்டி வைக்கும் மாடலுக்கு, மண்டையோடு எவ்வளவு தடிமன் என்று முன்பே சி.டி ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நான் ஏன் பழைய வகையை எடுத்தேன்? எம்.ஆர்.ஐ காரணம். கொலஸ்டியேட்டோமா ஆபரேஷன் ஆனவர்களுக்கு அது மறுபடி வளர்கிறதா என்று எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்ப்பார்கள். நரம்புக் கட்டி எடுத்தவர்களுக்கும் அப்படித்தான். தோலுக்கு அடியில் காந்தம் இருந்தால், அது ஸ்கேனுக்கு அனுமதிக்கப்பட்ட மாடலாகவே இருந்தாலும், காந்தத்தைச் சுற்றிப் படத்தில் ஒரு கறுப்பு நிழல் விழும். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடமே மறைந்துவிடும். வெறும் டைட்டானியத் திருகில் நிழல் மிகச் சின்னது; ப்ராசஸரைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டாக்டரிடம், ‘இனி எனக்கு எம்.ஆர்.ஐ தேவைப்படுமா? எந்த இடத்தில்?’ என்று கேட்காமல் வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தோலடி வகையை எடுத்தால், அந்த மாடலோடு எவ்வளவு காந்த பலமுள்ள எம்.ஆர்.ஐ எடுக்கலாம், 1.5 டெஸ்லா வரையா 3 டெஸ்லா வரையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உடம்பா? காது குத்திய இடத்தில் கட்டி வந்ததா? கட்டாயம் சொல்லுங்கள். அபட்மென்ட்டைச் சுற்றித் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தோலடி வகை சரியாக இருக்குமா என்று டாக்டர் யோசிப்பார்.

பணம், காகிதம்

ஆபரேஷன் செலவைவிடக் கருவியின் விலைதான் பெரிது, லட்சங்களில் வரும். ரசீதில் உள்ளே வைக்கும் பாகத்தையும் வெளியே மாட்டும் ப்ராசஸரையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பல இன்சூரன்ஸ் பாலிசிகள் உடம்புக்கு வெளியே அணியும் கருவிக்குப் பணம் தருவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுக் காப்பீடு பற்றி மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். உள்ளே இருக்கும் திருகு ஆயுளுக்கும் இருக்கலாம். ப்ராசஸர் அப்படி இல்லை. சில வருஷங்களில் மாற்ற வேண்டிவரும். அன்றைக்கான பணத்தையும் இன்றே மனதில் வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுச் சலுகைகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டு காதும் மந்தம் என்றால் விண்ணப்பியுங்கள். ஒரு காது மட்டும் முழுக்கப் போனவர்களுக்கு, நல்ல காதுக்கு ஐந்து பங்கு மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுவதால் 17 சதவீதத்துக்குள்தான் வரும். ஏமாற்றமாக இருக்கும், தெரிந்துகொண்டு போங்கள்.

ஆபரேஷன்

அபட்மென்ட் வகையைப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை ஆகிவிடும். தோலடி வகைக்கு முழு மயக்கம் கொடுப்பது வழக்கம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்று ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரும் ஈ.என்.டி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சிகரெட்டை விடுங்கள், எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும்.

எந்த இடத்தில் வைப்பது என்று டாக்டர் பேனாவால் குறிக்கும்போது உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கண்ணாடிக் கம்பியும் காது மடலும் ப்ராசஸரில் இடித்தால் விசில் அடிக்கும். ஹெல்மெட்டையும் கொண்டுபோனேன். டாக்டர் சிரித்தார், ஆனால் போட்டுக்காட்டச் சொல்லி இடத்தைச் சற்று நகர்த்தினார்.

ஊசி போட்ட பிறகு வலி இல்லை. ஆனால் டிரில் ஓடும் சத்தம் இருக்கிறதே, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆழம்தான். ஆனால் எலும்பின் மேலேயே ஓடுவதால், வாழ்க்கையில் அதுவரை நான் அவ்வளவு தெளிவாக எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. என் காக்ளியா நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கட்டும் திருகின் மேல் போட்ட மூடியும் ஒரு வாரத்துக்கு இருக்கும். அந்த இடத்தைச் சுற்றித் தோல் சில மாதம் மரத்திருக்கும். அதன் பிறகு காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்ட வேண்டும். டாக்டரையும் எலும்பையும் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். தோலடி வகைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். இந்த நாட்களில் சாஃப்ட்பேண்டை மறு பக்கம் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு, இரண்டு மாதம் கடையில் திண்டாடினேன்.

சிலருக்குத் திருகு ஒட்டாமல் கழன்றுவிடுவதுண்டு. அடிபட்டாலும் தளரலாம். பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு இடத்தில் திரும்ப வைக்க முடியும்.

மாட்டிய பிறகு

முதல் நாள் ப்ராசஸரை உங்கள் எலும்புக் கோட்டுக்கு ஏற்பக் கம்ப்யூட்டரில் சரிசெய்வார்கள். அன்றே எல்லாம் முடிந்துவிடாது. மூன்று நாலு தடவை போக வேண்டிவரும். போகும்போது, ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘பாத்திரச் சத்தம் குத்துகிறது, பெண்கள் மெதுவாகப் பேசினால் புரியவில்லை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்தப் பாக்கெட் நோட்டை மறக்காதீர்கள்.

அபட்மென்ட்டைத் தினமும் குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அதற்கென்று தரும் மெல்லிய பிரஷ்ஷால் அடியில் சுற்றிலும் தேய்க்க வேண்டும். பிறகு துடைத்து உலரவிடுங்கள். வாரம் ஒருமுறை வீட்டில் யாரையாவது செல்போன் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சிவப்பு வந்துபோகும். சிவப்போடு ஈரமும் வலியும் சேர்ந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். தோன்றிய களிம்பையெல்லாம் தடவாதீர்கள்.

ப்ராசஸரை நேராக இழுக்கக் கூடாது. ஓரத்தில் விரலைக் கொடுத்துச் சாய்த்தால் கழன்று வரும். கூடவே ஒரு சின்ன நூல் தருவார்கள், அதைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டை கழற்றும்போதும் ஹெல்மெட் எடுக்கும்போதும்தான் ப்ராசஸர் விழும். வண்டியில் போகும்போது நான் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கூடுதலாகப் பார்த்து ஓட்டுகிறேன். எண்ணெய்க் குளியல், தலைக்குச் சாயம், நீச்சல் எல்லாவற்றுக்கும் முன்பு கழற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மைக் துளைக்குள் இறங்கினால் சத்தம் மங்கிவிடும். தினமும் எண்ணெய் வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அபட்மென்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்காவது விட்டு வையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ப்ராசஸரை வைத்தால் வியர்வை ஈரம் போகும்.

பேட்டரி, மாடலைப் பொறுத்து 312 அல்லது 675. ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்து ஓரிரு நிமிஷம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய பேட்டரியைக்கூட மேஜைமேல் விடாதீர்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

விமான நிலையத்தில் காட்ட மருத்துவமனை தரும் அட்டையைப் பர்ஸில் வையுங்கள். கோயிலில் மொட்டை போடுவதாக இருந்தால், கத்தி வைக்கும் முன்பே நாவிதரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள். சமயபுரத்தில் எனக்கு மொட்டை போட்டவர் அதைச் சுற்றிலும் மட்டும் கத்தரியால் வெட்டி, மற்ற இடமெல்லாம் மழித்துவிட்டார்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். இரவில் ப்ராசஸரைக் கழற்றியதும் நீங்கள் பழையபடி கேட்காதவர்தான். காலிங் பெல், போன், கூப்பிடும் குரல் எதுவும் எட்டாது. எப்படி எழுப்புவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தலையணைக்கு அடியில் அதிர்வில் வைக்கலாம். எங்கள் வீட்டில் கட்டில் சட்டத்தை மூன்று முறை தட்டுவது என்று வைத்திருக்கிறோம். தலை சட்டத்தில் பட்டிருந்தால் எனக்கு அது நன்றாகவே கேட்கிறது.